தீயால் வீடிழந்தோர்க்கு ஆற்றும் தொண்டு
(குடும்பப் பாடம்)



தானம் நான்கு வகைப்படும் என்பதை நம் இல்லப் பிள்ளைகள் பாடசாலையில் சேர்ந்த முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆகாரதானம், அபயதானம், ஔஷததானம், சாஸ்திரதானம் என விரல்விட்டு எண்ணி ஒப்பிக்கவும் செய்வர். ஆயின், “இந்நான்கும் ஒருவருக்கு ஒரே வேளையில் எப்போது தேவைப்படும்?” என்று வினவினால், பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியோரும் சற்றே தயங்குவர். நேற்றிரவு வரை வீடும் வாசலும் உடையவராய் இருந்து, இன்று விடியற்காலையில் உடுத்த துணியோடு தெருவில் நிற்பவருக்கு இந்நான்கும் ஒருங்கே தேவைப்படுகின்றன. தீ அத்தகைய நிலையை ஒரு நாழிகைக்குள் உண்டாக்கிவிடும். ஆகவே, தீயால் வீடிழந்தோர்க்குத் தொண்டு செய்யும் முறையை ஒரு பாடமாக வைத்து, நம் அறநூல்கள் கூறுவதையும், இன்று உலகில் நடைபெறுவதையும் இணைத்துக் காண்போம்.

1. புராணம் காட்டும் வழி

சிராவண மாதப் பௌர்ணமியன்று நாம் நினைவுகூரும் விஷ்ணுகுமார முனிவரின் வரலாறு யாவரும் அறிந்ததே. அகம்பனாசாரியரும் அவருடைய சங்கத்தைச் சேர்ந்த 700 முனிவர்களும் அஸ்தினாபுரத்தில் தங்கியிருந்தபோது, ஏழு நாள் அரசுரிமையை வரமாகப் பெற்ற பலி என்னும் அமைச்சன், வேள்வி என்ற பெயரால் அவர்களைச் சூழத் தீ மூட்டினான். புகை சூழ்ந்த நிலையிலும் முனிவர்கள் காயோத்சர்க்கத்தில் அசையாது நின்றனர். செய்தி அறிந்த விஷ்ணுகுமார முனிவர், தம் தவத்தையும் சற்றே நிறுத்திவைத்து, குறள் வடிவில் வந்து மூன்றடி மண் கேட்டு, அவ்வுபசர்க்கத்தை நீக்கினார். பின்னர்ப் பிராயச்சித்தம் ஏற்று மீண்டும் தவநெறியில் நின்றார்.

இவ்வரலாற்றின் முற்பகுதியை நாம் விரிவாகக் கூறுகிறோம். பிற்பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். உபசர்க்கம் நீங்கிய பின் ஊரிலுள்ள சிராவகர்கள் செய்தது என்ன? புகையால் முனிவர்களின் தொண்டை புண்பட்டிருந்தமையால், வன்மையான உணவை விழுங்க இயலாது என்று உணர்ந்து, மென்மையான பாயச உணவை ஆக்கி அளித்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. தம் இல்லத்தில் எது மிகுதியாக இருந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. துன்புற்றவர்க்கு எது ஏற்கும் என்பதையே பார்த்தனர். தொண்டின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு செயலில் அடங்கியுள்ளது. வாத்ஸல்யம் என்னும் அங்கத்துக்கு விஷ்ணுகுமாரரை எடுத்துக்காட்டாகக் கூறும் நாம், பெயர் தெரியாத அச்சிராவகியரையும் உடன் நினைத்தல் வேண்டும்.

2. இன்றைய உலகில் தீயும் தொண்டும்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் நம்மவர் பலருடைய மக்களும் பேரர்களும் வாழ்கின்றனர். அங்கே காட்டுத்தீ ஆண்டுதோறும் அச்சமூட்டும் ஒன்றாகிவிட்டது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் காலையில், மின்கம்பித் தொடரில் ஏற்பட்ட பழுதினால் எழுந்த தீ, பலத்த காற்றினால் பரவி, பாரடைஸ் என்னும் மலையூரைச் சில மணி நேரத்தில் அழித்தது. 85 பேர் உயிர் நீத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஏறத்தாழ 50,000 பேர் இருப்பிடம் விட்டு வெளியேறினர். ஊரிலிருந்து வெளியேறும் சாலைகள் சிலவே ஆதலின், வண்டிகள் நெருங்கி நின்று நகர முடியாமற்போயிற்று.

2025ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்புறத்தில் பாலிசேட்ஸ், ஈட்டன் எனப் பெயரிடப்பட்ட இரு பெருந்தீக்கள் எழுந்து, 16,000க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. செல்வர் மாளிகையும் எளியோர் இல்லமும் ஒருங்கே சாம்பலாயின. பாசடீனா நகரின் மாநாட்டு மண்டபம் தங்குமுகாமாக மாற்றப்பட்டது. மடக்குக் கட்டில்கள் வரிசையாக இடப்பட்டன.

இத்தகைய பணிகளில் முன்னிற்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். அதனை 1881இல் தோற்றுவித்த கிளாரா பார்ட்டன் அம்மையார், தம் இளமையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். சங்கத்தைத் தொடங்கியபோது அவர் வயது அறுபதை நெருங்கியிருந்தது. அச்சங்கம் ஆற்றிய முதல் நிவாரணப் பணியே, அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் காட்டுத்தீயால் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர்க்கு ஆற்றிய பணிதான். இன்றும் அச்சங்கத்தில் பணிபுரிவோரில் பத்தில் ஒன்பது பங்கினர் ஊதியம் பெறாத் தொண்டர்கள் ஆவர். பணி ஓய்வு பெற்ற முதியோர் அவர்களுள் மிகப் பலர். வயது முதிர்ந்தது, இனி நம்மால் என்ன இயலும் என்று திண்ணையில் அமர்ந்திருப்போர் இதனைச் சிந்தித்தல் நலம்.

காட்டுத்தீ செய்தித்தாளின் முதற்பக்கத்தில் இடம்பெறுகிறது. ஆனால், ஒரு குடும்பத்தின் வீடு மட்டும் எரியும் தீ ஒரு வரிச் செய்தியாகக்கூட வருவதில்லை. செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் ஆண்டுதோறும் 60,000க்கு மேற்பட்ட இடர்களுக்கு விரைகின்றனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வீட்டுத்தீக்களே. நள்ளிரவில் தீயணைப்புத் துறையிலிருந்து அழைப்பு வரும். தொண்டர் இருவர் மூவராய்ச் செல்வர். போர்வை, பற்பசை, சோப்பு முதலியன அடங்கிய பை, குழந்தை இருப்பின் அணைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப்பொம்மை, அன்றிரவு தங்குவதற்கும் உண்பதற்கும் வேண்டிய பணம் ஆகியவற்றை அளிப்பர். மறுநாள் முதல் மற்றொரு தொண்டர் அக்குடும்பத்தைத் தொடர்ந்து கேட்டறிந்து, எரிந்துபோன மருந்து, மூக்குக்கண்ணாடி, ஆவணங்கள் முதலியவற்றை மீண்டும் பெற வழிகாட்டுவர். கூட்டம் இல்லாத இடத்தில், பாராட்டுவோர் இல்லாத நேரத்தில் செய்யப்படும் இத்தொண்டு உயர்ந்ததன்றோ?

3. நான்கு தானங்களும் முகாமில் பயிலும் முறை

அபயதானம்: அபயம் என்பது கூரை மட்டுமன்று, அச்சமின்மை. முகாமில் நுழைவோரை வரவேற்று, பெயர் பதிந்து, கட்டில் காட்டுபவர் அபயதானம் செய்கிறார். பதிந்த பெயரையும் செய்தியையும் பிறருக்கு வெளியிடாமல் காப்பதும் அபயமே. இரவில் விழித்திருந்து காவல் செய்பவரும், உறங்க இயலாத முதியவர் அருகில் அமர்ந்திருப்பவரும் அபயம் அளிப்பவர்களே.

ஆகாரதானம்: பெரிய முகாம்களில், வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் உணவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பலநூறு பேர் உண்ணும் இடத்தில் கெட்ட உணவு ஒன்று பெருந்தீங்கு விளைக்கும் என்பதே காரணம். இதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. முகாம் பொறுப்பாளரை முதலில் கேட்டு, அவர் விரும்பும் வகையில் உதவுதல் வேண்டும். புலால் உணவு பரிமாறும் பணி நம் விரதத்துக்கு ஒவ்வாதெனின், அதனைப் பணிவுடன் முன்னரே தெரிவித்து, படுக்கை அமைத்தல், பதிவு செய்தல், குழந்தைகளைப் பேணுதல் முதலிய பணிகளை ஏற்கலாம். தொண்டு செய்யப்போன இடத்தில் பிறர் உணவைப் பழித்தல் தகாது.

ஔஷததானம்: தீயினும் புகையே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. தப்பியவர்க்கும் இருமலும் கண்ணெரிச்சலும் நீடிக்கும். எரிந்த வீட்டின் சாம்பலில் நச்சுப்பொருள்கள் கலந்திருக்கும் ஆதலின், முகமூடியும் கையுறையும் இன்றி அதனைக் கிளறுதல் கூடாது. மேலும், பாரடைஸ் மக்கள் தங்கிய முகாம்களில் நோரோ வைரஸ் என்னும் கிருமியால் வாந்தியும் பேதியும் பரவி, நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அத்தருணத்தில் அருவருப்பின்றித் துடைத்துத் தூய்மை செய்தவர்கள், நிர்விசிகித்ஸை என்னும் மூன்றாம் அங்கத்தைச் செயலில் காட்டியவர்கள். முனிவர் வேடத்தில் வந்தவர் கக்கியதைத் தம் கையால் தூய்மை செய்த உத்தாயன மன்னனின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

சாஸ்திரதானம்: இடருற்றவர்க்கு முதல் நாள் நூல் வேண்டுவதில்லை, செய்தி வேண்டும். எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த நாளுக்குள் என்று எடுத்துரைப்பது அறிவுக்கொடை. தீ நிகழுமுன் எச்சரித்துக் கற்பிப்பது அதனினும் சிறந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தினர் 2014ஆம் ஆண்டு முதல் வீடுவீடாகச் சென்று புகை அறிவிப்பான்களைக் கட்டணமின்றிப் பொருத்தி வருகின்றனர். வீடு தீப்பற்றினால் வெளியேறக் கிடைக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கக்கூடும் என்று கற்பிக்கின்றனர்.

4. வேண்டாத தானம்

லாஸ் ஏஞ்சலிஸ் தீயின்போது சில நாட்களிலேயே பழந்துணிகள் மலைபோல் குவிந்தன; பல நிலையங்கள், “இனித் துணி வேண்டா” என்று அறிவிக்க நேர்ந்தது. துயருற்றவரைக் காண வேண்டிய தொண்டர்கள் துணி பிரிப்பதில் நாளைக் கழித்தனர். நிவாரணப் பணியில் தேர்ந்தவர்கள் இதனை இரண்டாவது பேரிடர் என்றே கூறுவர்.

இங்கே நம் அறநூற்கருத்து ஒன்று துணைசெய்கிறது. அபரிக்கிரகம் வேறு, தானம் வேறு. நமக்கு வேண்டாததை நீக்குவது நம் சுமையைக் குறைத்தல். பிறர்க்கு வேண்டியதை அளிப்பதே தானம். பீரோவைக் காலி செய்துவிட்டு அறம் செய்ததாக மகிழ்தல் கூடாது. கேட்கப்படாத பொருளைவிட, நம்பத்தகுந்த அமைப்பின் வழியே அளிக்கும் பணம் சிறந்தது. எதனை வாங்குவது என்பதைத் துன்புற்றவரே முடிவு செய்ய அது இடமளிக்கிறது. ஒருவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்வதில், தீ பறித்த தன்மதிப்பில் ஒரு பகுதி மீளுகிறது.

5. ஓர் ஐயமும் விடையும்

“அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றனர், இடையில் நாம் ஏன் புகவேண்டும்?” என்று வினவுவோர் நம்மிடையே உளர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஏனெனில், தவறாக விடை கண்டால், நம் சமயமே இரக்கமற்றது என்ற பழி நேரும்.

முதலாவதாக, வினை பயன் தருவது திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் (உள்ளப் பரிணாமம்) முதலிய நிமித்தங்களைச் சார்ந்தது. குளிரில் நடுங்குபவர்க்குப் போர்வை அளித்தால் அந்நிமித்தம் மாறுகிறது. நோய்க்கு மருந்துண்ணும் நாம், பிறர் துன்பத்துக்கு மட்டும் வினையைக் காரணம் காட்டி விலகுவது முறையாகுமோ?

இரண்டாவதாக, அவர் வினையை நாம் ஆராய்ந்துகொண்டிருக்கும் அதே கணத்தில் நம் வினை நமக்குக் கட்டப்படுகிறது. உயிர்களிடம் கொள்ளும் இரக்கமும் ஈகையும் பொறுமையும் சாதாவேதனீயம் என்னும் இன்பவினை வருவதற்குக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் உரைக்கிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் தொழில் என்பது ஐந்தாம் அதிகாரத்தின் கருத்து. அனுகம்பை இல்லாத இடத்தில் நற்காட்சி உண்டென்று கூறவும் இயலாது.

மூன்றாவதாக, தீயிலும் தீயுடல் உயிர்கள் உளவே, அணைத்தல் ஹிம்சையாகாதோ என்று நுண்ணிதாகக் கேட்போரும் உண்டு. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் நீக்கியது ஈரறிவு முதலிய திரச உயிர்களைக் கருதிக் கொல்லுதலை. ஓரறிவுயிர்களைப் பொருத்தவரை, பயனின்றி வருத்துதலைத் தவிர்க்க வேண்டும். மனிதரையும் மாடுகன்றுகளையும் காக்கத் தீயை அணைத்தல் பயனற்ற செயலன்று. இல்லறத்தார்க்கு அது கடமையே.

6. பேச்சிலும் பார்வையிலும் காக்க வேண்டிய ஒழுக்கம்

பிறர் குறையை மறைத்தல் உபகூஹனம். வீடிழந்து நிற்பவரிடம், “தீ எப்படிப் பிடித்தது? அடுப்பை அணைக்கவில்லையா?” என்று கேட்டல் தொண்டன்று. அவ்வினாவை அவரே தம் நெஞ்சுக்குள் நூறுமுறை கேட்டுக்கொண்டிருப்பார். அழுதுகொண்டிருப்பவரைப் படம் எடுத்தலும், உதவி பெறுபவரை நிறுத்திவைத்துப் புகைப்படம் பிடித்தலும் அறவே விலக்கத்தக்கன.

தளர்ந்தவரை நிலைநிறுத்துதல் ஸ்திதிகரணம். “போனது பொருள்தானே, உயிர் பிழைத்தீர்களே” என்று விரைந்து தேற்றுதல் சில வேளைகளில் புண்ணைக் கிளறும். தாயின் புகைப்படமும், மகள் மணநாளில் உடுத்த புடவையும் விலை மதிப்பில் அடங்குவன அல்ல. அவர் கூறுவதைக் குறுக்கிடாமல் கேட்டலே முதற்பணி.

பார்சுவநாத பகவான் இளவரசராய் இருந்தபோது, ஐந்தீத் தவம் செய்த துறவியின் விறகுக் கட்டைக்குள் அகப்பட்ட பாம்பிணையைக் கண்ட வரலாற்றை நினைவுகூர்வோம். அவ்வுயிர்களின் உடலைக் காக்க வழியில்லை. ஆயினும், காலம் கடந்தது என்று அவர் அப்பால் செல்லவில்லை. அறமொழி கூறி அவற்றின் உள்ளத்தை அமைதியுறச் செய்தார். அப்பாம்புகளே தரணேந்திரனும் பத்மாவதியும் ஆயின. எரிந்த வீட்டை நம்மால் எழுப்பித் தர இயலாமற்போகலாம். எரிந்த வீட்டின்முன் நிற்பவர் அருகில் சென்று நிற்க நம்மால் இயலும்.

7. நம் ஊரில் நாம் செய்யத்தக்கன

நம் சிற்றூர்களில் ஓலைக்கூரையும் வைக்கோற்போரும் அருகருகே உள்ள தெருக்கள் இன்னும் உள்ளன. கோடைக்காற்றில் ஒரு பொறி பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிடும். ஆதலின், ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் சிலரும் மகளிர் சிலரும் சேர்ந்து ஒரு சிறு குழு அமைத்துக்கொள்வது நன்று. அக்குழு செய்யத்தக்கன வருமாறு:

தீயணைப்புத் துறையின் 101 என்ற எண்ணையும், அவசர உதவிக்குரிய 112 என்ற எண்ணையும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவைத்தல்.

தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர் எவ்வெவ்வீட்டில் உளர் என்று குறித்துவைத்து, இடர் வேளையில் அவரை அழைத்துவரும் பொறுப்பை இன்னார்க்கு என்று முன்னரே ஒப்படைத்தல். பாரடைஸ் ஊரில் உயிர் நீத்தோரின் வயதை நினைத்தால் இதன் இன்றியமையாமை விளங்கும்.

வீடிழந்த குடும்பம் சில நாள் தங்குவதற்குச் சமுதாயக்கூடம், பள்ளிக்கூடம் முதலிய இடத்தைப் பொறுப்பாளரிடம் முன்னரே கேட்டு உறுதி செய்தல். இவ்வுதவி நம்மவர் தமக்கு மட்டும் உரியதன்று. எக்குலத்தார் எச்சமயத்தார் வீடு எரிந்தாலும் ஒக்கும்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பம் அளிக்கவும், குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் மறுபடி பெறவும் எழுத்தறிந்தோர் உடன் செல்லுதல். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகமும் சீருடையும் முதல் வாரத்திலேயே கிடைக்கச் செய்தல்.

இல்லங்களில் இன்னும் ஏட்டுச்சுவடி வைத்திருப்போர், அடுப்பங்கரைக்கு அணித்தாக அவற்றை வைக்காமல், படம் எடுத்து ஒரு படியை வேறிடத்தில் சேமித்தல். எரிந்த வீடு மீண்டும் எழும். எரிந்த ஏடு மீளாது.

வீட்டுக்குள்ளும் சில நெறிகள் உள. எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீர் ஊற்றலாகாது. தட்டால் மூடி அடுப்பை அணைத்தல் வேண்டும். எரிவாயு உருளையை இரவில் மூடிவைத்தல், பூசை விளக்கைத் திரைச்சீலைக்கு எட்டத்தில் வைத்தல், புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறுதல், வெளியே வந்தபின் பொருளுக்காக மீண்டும் உள்ளே புகாதிருத்தல் ஆகியவற்றைச் சிறுவரும் அறிதல் வேண்டும். பல்லாண்டு வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் நாம் கூறுவது ஒன்றுண்டு: செய்து பார்க்காத பாடம் இடர்வேளையில் நினைவுக்கு வாராது. ஆதலின், ஆண்டுக்கு இருமுறையேனும் குடும்பத்தார் அனைவரும் இரு வழிகளால் வெளியேறி, வெளியே குறித்த ஓரிடத்தில் ஒன்றுகூடிப் பழகுக.

பயிற்சி

1. விஷ்ணுகுமார முனிவர் வரலாற்றில் சிராவகர்கள் மென்மையான உணவை அளித்ததன் காரணம் யாது? அதிலிருந்து நாம் கற்பது என்ன?

2. நால்வகைத் தானமும் தங்குமுகாமில் எவ்வாறு நிகழ்கின்றன? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. அபரிக்கிரகத்துக்கும் தானத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. “அவரவர் வினை” என்று கூறி விலகுவோர்க்கு நீவிர் கூறும் விடை யாது?

5. செயற்பாடம்: உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? இடர் வேளையில் அவரை யார் அழைத்துவருவது? பெற்றோருடன் கலந்து எழுதி, அடுத்த பாடசாலை வகுப்புக்குக் கொண்டுவருக.

ஐந்தாம் வினாவுக்குப் பெற்றோரும் விடையெழுதுதல் வேண்டும். மற்ற நான்கும் ஏட்டில் எழுதுவன. இஃதொன்றே தெருவில் இறங்கி எழுத வேண்டியது.

அறம் வளர்க! எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!